அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது: நான்கு யோசனைகளும் இரவுக் கணக்கும்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் தனியாக வாழ்ந்துவந்த எங்கள் அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று உறுதியானதும் குடும்பத்தில் நான்கு யோசனைகள் எழுந்தன. "சத்துவாச்சாரிக்கு அழைத்துவந்துவிடுகிறேன், உன் அண்ணி பார்த்துக்கொள்வாள்" என்றார் வேலூர் நகரில் இருக்கும் அண்ணன். "மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு மாதம் முறை வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் பாரமிருக்காது" என்றார் தாய்மாமா. இந்த நோய்க்கென்றே நடத்தப்படும் இல்லம் ஒன்றில் சேர்க்கலாம், பெரும்பகுதிச் செலவைத் தான் ஏற்பதாகப் பெங்களூரில் இருக்கும் தம்பி சொன்னான். காட்பாடியில் இருக்கும் நான், அம்மாவை அவருடைய வீட்டிலேயே வைத்து ஆள் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

நான்குமே அக்கறையில் பிறந்தவைதான். முடிவெடுப்பதில் சிரமமும் அங்கேதான் இருந்தது. எந்த யோசனையை மறுத்தாலும், சொன்னவருடைய பாசத்தையே மறுப்பதுபோல ஆகிவிடும். எனவே பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நான்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து தாழ்ப்பாளைத் தேடும்போது விழித்திருக்கப்போவது யார்? அப்படி விழித்திருந்தவர் மறுநாள் எப்போது தூங்குவார்? இதற்குப் பதில் சொல்ல முடியாத ஏற்பாடு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் சில மாதங்களில் உடைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆம்பூரிலும் ஆரணியிலும் ஆற்காட்டிலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு இப்போது நடந்துகொண்டிருக்கும். அவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

இது நகரத்து நோய், படித்தவர்கள் பெரிதுபடுத்தும் நோய் என்று உறவினர்கள் சிலர் சொன்னார்கள். உண்மை அப்படி இல்லை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமரையும் உள்ளடக்கிய மறதி நோய்கள்) இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதிகம் என்றும் அது சொன்னது. நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி இடமே உண்டு. வளரும் நாடுகளில் இந்த நோயை ஆராய்ந்த 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு, சென்னையோடு சேர்த்து வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி வட்டாரத்தின் கிராமங்களையும் தேர்ந்தெடுத்து, வீடு வீடாக முதியவர்களைப் பரிசோதித்தது. கணியம்பாடியில் இருப்பது குடியாத்தத்திலும் இருக்கும், பேரணாம்பட்டிலும் இருக்கும். "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே நாம் அதைக் காணாமல் விட்டிருக்கிறோம்.

முதலில் மருத்துவம்

எங்கே வைத்துப் பார்ப்பது என்று பேசுவதற்கு முன்னால், மறதிக்குக் காரணம் சரிசெய்யக் கூடியதா என்று பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளின் விளைவு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லச் சேர்ந்த இரத்தக்கட்டு ஆகிய எல்லாமே மறதி நோய்போலத் தோற்றம் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுக்காமல் குடும்பம் கூடி எடுக்கும் முடிவு அந்தரத்தில் நிற்கும். இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவும், பாகாயத்தில் அதன் மனநலப் பிரிவும் இருக்கின்றன. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினாலோ, ஆள் மயங்கிக் கிடந்தாலோ அது பெரும்பாலும் வேறு கோளாறு. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், உடலில் நீர் வற்றிப்போதல் என்று தேட வேண்டும். நம் ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் இது இன்னும் முக்கியம். இந்த நோயாளிகள் தாகம் எடுக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கேட்டுக் கொடுப்பதைவிட, நேரம் வைத்துக்கொண்டு மோரோ கஞ்சியோ கையில் கொடுத்துவிடுவதே நல்லது.

நோய் கண்டறிந்தபின் சராசரியாக நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்வார்கள் என்கிறது மருத்துவம். இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. ஆகவே நாம் ஒப்பிடுவது ஒரு நெடுங்கால ஏற்பாட்டை. லீவு போட்டுச் சமாளிக்கும் காரியமல்ல இது.

அம்மாவின் நிலை இது. நடக்கிறார், சாப்பிடுகிறார், பழைய கதைகள் சொல்கிறார். சற்றுமுன் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு, சித்தூர்ப் பக்கம் உள்ள பிறந்த ஊருக்குப் போக வேண்டும், அம்மா காத்திருப்பாள் என்கிறார். இரவில் பலமுறை எழுகிறார். பேச்சு மெல்ல மெல்லத் தெலுங்குக்கே திரும்பிவிட்டது. அது அவருடைய சிறுவயது மொழி. பின்னால் கற்றது முதலில் கழன்றுவிட, முதலில் கற்றது கடைசிவரை தங்குவது இந்த நோயில் சாதாரணம். குடியாத்தத்தில் இரண்டு மொழியும் புழங்குவதால் இது பெரிய இடைஞ்சலாகத் தோன்றவில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இது ஒரு முக்கியமான அம்சமாகவே ஆனது.

அண்ணன் வீடு

சத்துவாச்சாரி வீட்டின் பெரிய பலம் மருத்துவமனை அருகில் இருப்பது. ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் போய்விடலாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் எந்நேரமும் ஆள் சத்தம் இருக்கும்.

ஆனால் "உன் அண்ணி பார்த்துக்கொள்வாள்" என்ற சொற்றொடரைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை. நான் தனியாக உட்கார்ந்து கேட்டபோது, "பகலெல்லாம் பார்க்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். ராத்திரியும் நானே என்றால் என் உடம்பு தாங்காது" என்றார். அவருக்கு முட்டி வலி. அதிகாலையில் எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவர். இப்படிப்பட்ட ஒருவரை மாமியாருக்கு இரவுக் காவலாக நிறுத்துவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். மருமகள், மனைவி, மகள் என்று ஒரே ஒரு பெண்ணின் முதுகில் நிற்கும் ஏற்பாடு, அவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் சரிந்துவிடும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் பார்த்துக்கொள்பவர்களை எவ்வளவு தாக்குகின்றன என்பது உலகெங்கும் பதிவான உண்மை.

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வேதனையும் இதில் இருக்கிறது. இந்த நோயில் பொருள் காணாமல்போனதாகத் தோன்றுவதும், யாரோ திருடிவிட்டதாகச் சந்தேகிப்பதும் மிகச் சாதாரணம். பழி எப்போதும் அருகில் இருப்பவர் மேலேயே விழும். நாளெல்லாம் பணிவிடை செய்தவரைப் பார்த்து "என் வளையலை எடுத்துவிட்டாள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் சொல்லும்போது, அது நோயின் பேச்சு என்று தெரிந்தும் மனம் நொந்துபோகும். மாமியார் மருமகள் உறவில் அந்த வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கும் கனம் எல்லாருக்கும் தெரியும். சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் இதை முன்கூட்டியே விளக்கிவிடலாம். மருமகளுக்கு அந்த விலகல் கிடைக்காது.

ஆகவே இந்த யோசனையைக் கைவிட்டோம். அண்ணி ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால், மாமாவிடம் நானே போய், இது மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொன்னேன்.

முறை வைத்தல்

நான்கில் இதைத்தான் நான் முற்றிலும் எதிர்க்கிறேன். முறை வைப்பது பிள்ளைகளுக்கு நியாயமாக இருக்கும். நோயாளிக்கு அது பெரும் கொடுமை. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் அம்மாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் காலுக்கு வழி தெரியும். சமையலறைக்கு எத்தனை அடி, புறக்கடைக் கதவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் நினைவைத் தாண்டி உடம்பில் பதிந்தவை. வீடு மாறிய முதல் இரவிலேயே அந்தப் பலம் போய்விடும். கழிவறை தெரியாமல் மூலையில் ஒதுங்குவார், அதைப் பார்த்துப் பிள்ளைகள் நோய் முற்றிவிட்டது என்பார்கள். முற்றியது நோயல்ல, மாறியது வீடு. புதிய இடத்துக்கு ஓரளவு பழகத் தொடங்கும்போது அடுத்த முறைக்காரர் காரோடு வந்து நிற்பார்.

மருந்துச் சீட்டு ஒரு வீட்டில், ஸ்கேன் படம் இன்னொரு வீட்டில், ஒவ்வொரு ஊரிலும் ஒரு மருத்துவர் என்று சிகிச்சையும் சிதறும். பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவை செலவு, விடுப்பு, அலைச்சல் ஆகியவை. அம்மாவை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பங்கு போடலாம்.

தம்பியின் பெங்களூர் அடுக்கக வீட்டுக்கு நிரந்தரமாக அழைத்துப்போவது பற்றியும் பேசினோம். ஒன்பதாவது மாடி, லிஃப்ட், பால்கனி, இருவரும் வேலைக்குப் போகும் வீடு. அதைப் பற்றி அதற்கு மேல் பேசத் தேவைப்படவில்லை. பகல்நேரக் காப்பகம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடியாத்தத்திலிருந்து அன்றாடம் கொண்டுபோய் விட்டு அழைத்துவரும் தொலைவில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இல்லத்தில் சேர்ப்பது

தம்பி இதைச் சொன்னபோது அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். "முதியோர் இல்லம்" என்றாலே பெற்றவளைத் தள்ளிவிடுவது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. இரவில் மூன்று பேர் மாறி மாறி விழித்திருக்கும் இடத்தில் சேர்ப்பது, தூங்கிவழியும் ஒருவரின் பொறுப்பில் வீட்டில் வைத்திருப்பதைவிட அன்பானதாக இருக்கலாம். எந்த இல்லம், எந்தக் கட்டத்தில் என்பதுதான் கேள்வி.

சாதாரண முதியோர் இல்லமும் மறதி நோய்க்கான இல்லமும் ஒன்றல்ல. வேலூர், திருப்பத்தூர்ப் பக்கங்களில் நாங்கள் விசாரித்த சாதாரண இல்லங்களில் பெரும்பாலும், எழுந்து வெளியே போகிறவர்களையும் சிறுநீர் கட்டுப்படாதவர்களையும் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தைவிட, சொல்லி மறுக்கும் இடம் நேர்மையானது. இந்த நோய்க்கென்று பயிற்சி பெற்றவர்களைத் தேடினால் நாம் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்க்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளையின் மையம் இருக்கிறது. குடும்பங்களுக்கு வழிகாட்டும் அமைப்பாக 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. இருக்கிறது. சிகிச்சைக்கென்றால் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மருத்துவமனை. நிரந்தரமாகத் தங்கவைக்கும் இடம் அல்ல.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். மறதி நோயாளிகள் மிகவும் நிலைகொள்ளாமல் தவிக்கும் நேரம் அது. அப்போது ஊழியர்கள் என்ன செய்கிறார்கள்? அதட்டுகிறார்களா, கூட நடக்கிறார்களா, தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்துவிடுகிறார்களா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். பகல் கணக்கைச் சொன்னால் திரும்பவும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மயக்க மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளை ஆளை அடக்கிவைப்பதற்காக இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. பக்கவாதம், கீழே விழுதல் ஆகியவற்றுக்கும் இவை வழிவகுக்கும். தவிர்க்க முடியாத நிலையில், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மருத்துவர் தருவது வேறு. யார் எழுதித் தருகிறார், எப்போது நிறுத்துவார், குடும்பத்திடம் சொல்வீர்களா என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

எங்களிடம் கேட்ட தொகை மாதம் ரூ.45,000-க்குக் குறையவில்லை. டயப்பர், மருந்து, மருத்துவமனைச் செலவெல்லாம் தனி. பெங்களூர் இல்லத்தில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. அங்கே பணிபுரிகிற பலருக்குத் தெலுங்கு தெரியும். அம்மாவின் பேச்சு அங்கே அனாதையாகாது. ஆனால் நடமாடிக்கொண்டும் தெருவில் நின்று பேசிக்கொண்டும் இருக்கும் இன்றைய கட்டத்தில் அவரை அவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. இந்த யோசனையைத் தள்ளாமல் அடுத்த கட்டத்துக்கென்று எடுத்துவைத்தோம்.

அவருடைய வீட்டில், ஆள் வைத்து

நான் சொன்ன யோசனை என்பதால் இதைத்தான் மிகக் கடுமையாகச் சோதித்தோம். இதில் பலர் சறுக்கும் இடம் "இருபத்து நான்கு மணி நேர ஆள்" என்ற ஏற்பாடு. ஏஜென்சிகள் வீட்டோடு தங்கும் ஒருவரை மாதம் ரூ.25,000 என்ற அளவில் அனுப்புகிறார்கள். படுத்த படுக்கையாக, இரவில் தூங்குகிற நோயாளிக்கு அது சரிப்படலாம். இரவில் பலமுறை எழுகிறவருக்கு ஒரே ஆள் என்றால், அந்த ஆள் தூங்குவது எப்போது? தூங்கினால் கதவு திறந்து கிடக்கும். தூங்காவிட்டால் பதினைந்து நாளில் அவர் பொறுமை இழப்பார், அல்லது சொல்லாமல் போய்விடுவார். ஆக, இரண்டு பேர் வேண்டும். ஏஜென்சி வழியில் இரண்டு பேர் என்றால் செலவு இல்லத்தைத் தாண்டுகிறது. ஆட்களும் அடிக்கடி மாறுகிறார்கள். ஒவ்வொரு புது முகமும் அம்மாவுக்கு வீட்டுக்குள் நுழைந்த அந்நியர்தான்.

அதனால் தெருவிலேயே தேடினோம். தறி வேலை குறைந்து, பீடி சுற்றியும் தீப்பெட்டி வேலைக்குப் போயும் குடும்பத்தை நகர்த்தும் பெண்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் அம்மாவை முன்பே தெரிந்த, தெலுங்கு பேசும் ஒரு அக்கா பகலுக்கு. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இன்னொருவர் இரவுக்கு. வார விடுமுறையை ஈடுகட்ட மூன்றாவதாக ஒருவர். பயிற்சி பெறாதவர்களால் முடியுமா என்று தம்பி கேட்டது சரியான கேள்வி. கோவாவில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்குத் துணை நின்றது. சாதாரணப் படிப்புள்ள உள்ளூர் ஆட்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து மறதி நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பியபோது, பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் மனநலம் தெளிவாக மேம்பட்டதாக அது கண்டது. நோயைக் குணமாக்கியதாக அது சொல்லவில்லை. நம் தேவையும் குணமாக்குவதல்ல, தாங்குவது.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மறுத்து வாதாடக் கூடாது. மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குக் கிளம்பினால் "உங்கள் அம்மா செத்து முப்பது வருஷமாகிறது" என்று சொல்லக் கூடாது. அந்தச் சாவை அவர் புதிதாகக் கேட்டு அழுவார். கூடவே கிளம்பித் தெருமுனைவரை நடந்து, பேச்சுக் கொடுத்துத் திரும்பிவரலாம். உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்தபடி கூடாது, புரையேறும். எழுந்திருக்க முடியாத காலம் வந்தால் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கைக்கு வேலை கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு மகன்கள் பெயர் குழம்பினாலும் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றும் கை குழம்பவில்லை. பழைய ராட்டையைத் துடைத்து முன்னால் வைத்தால் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கிறார்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். தாழ்ப்பாளைக் கண் படாத உயரத்துக்கு மாற்றினோம். சமைத்து முடித்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். புறக்கடைக் கழிவறைக்கு இருட்டில் நடக்க வேண்டாமென்று கட்டிலருகே கமோடு நாற்காலி வைத்தோம். இரவெல்லாம் ஒரு சிறிய விளக்கு எரிகிறது. தொலைபேசி எண் பொறித்த வளையம் ஒன்றைக் கையில் போட்டிருக்கிறோம். தெருவில் உள்ள கடைக்காரர்களிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவைத்தோம். மறைத்தால் அம்மா தெரு தாண்டும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஊரே நெரியும். அந்த நாளுக்கு மட்டும் எங்கள் மூவரில் ஒருவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வேலைக்கு வருபவர்களை நடத்தும் விதத்தில் நான் கறாராக இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்காமை, பொங்கலுக்கு ஒரு மாதச் சம்பளம். தனி டம்ளர், தனித் தட்டு, புறக்கடை வழியாக வருவது என்ற வழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் அதை முதல் நாளே ஒழித்துவிட வேண்டும். நம் தாயின் மலஜலத்தை எடுக்கும் கையை நடுக்கூடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட முடியாதவர்களுக்கு ஆள் வைத்துப் பார்க்கும் தகுதி இல்லை.

செலவு, இரண்டு பேருக்கும் தலா ரூ.12,000, மூன்றாமவருக்கு நாள் கணக்கில், டயப்பர், மருந்து என்று மாதம் முப்பத்தைந்தாயிரத்தைத் தொடுகிறது. முன்போர்ஷன் வாடகை ஒரு பகுதியைத் தாங்குகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அவற்றைத் தவறாமல் கொடுப்பது மூளையின் இரத்தக் குழாய்களுக்கும் பாதுகாப்பு. மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபிசில் மாத்திரையை இரவில் கொடுத்தபோது கனவுகண்டு எழுவதாகத் தோன்றியது. மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றியபின் சற்றுத் தேவலை.

இந்த வழியின் குறை தூரம். நடு இரவில் மூச்சுத் திணறினால் வேலூருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகலாம். அதை ஏற்றுக்கொண்டுதான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அருகில் உள்ள ஒரு மருத்துவரிடம் அம்மாவின் விவரங்களை முன்பே கொடுத்துவைத்திருக்கிறோம்.

கையெழுத்து விஷயம்

நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சொத்து, வங்கி விஷயங்களைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். உயில் எழுதுவதென்றால் அவர் தெளிவாக இருக்கும் காலத்தில், அதைச் சொல்லும் மருத்துவச் சான்றிதழோடு எழுத வேண்டும். நோய் முற்றியபின் பாதுகாவலராக நியமனம் பெற உயர் நீதிமன்றத்துக்கு அலைய நேரும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிவிட்டுக் கைவிடும் பிள்ளைகளுக்கு எதிராக 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்ட பத்திரத்தை அதன் கீழ் ரத்துசெய்ய முடியும். முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் உடையும்போது பேச 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. இரண்டையும் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

இப்போதைய ஏற்பாட்டில் கணக்கும் சம்பளமும் அண்ணன் பொறுப்பு. மருந்தும் மருத்துவமனையும் என் பொறுப்பு. தம்பி பெரும்பங்கு பணம் தருகிறான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்கி இரவுக் காவலைத் தானே ஏற்கிறான். அண்ணி விருப்பப்பட்டபோது வந்து பார்த்துவிட்டு, இரவில் தன் வீட்டில் தூங்குகிறார்.

எப்போது இல்லத்துக்கு மாற்றுவது என்பதையும் இப்போதே தாளில் எழுதிவைத்தோம். நெருக்கடியில் எடுக்கும் முடிவில் கோபமும் குற்ற உணர்வும் கலந்துவிடும் என்பதால். "நம்மை அடையாளம் தெரியாமல் போகும்போது" என்று தம்பி முதலில் எழுதினான். அதை நான் ஏற்கவில்லை. பெயர் போனபிறகும் குரல் கேட்டால் அமைதியாகும் நோயாளிகள் பலர். நம்மைத் தெரிகிறதா என்பது நம் மனக்குறை, அவருடைய தேவை அல்ல. நீண்ட நேரம் பேசி அந்த வரியை அடித்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்: அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க எந்நேரமும் இருவர் தேவைப்படும் நிலை வந்தால், அவரோ பார்த்துக்கொள்பவரோ காயப்படும் அளவுக்கு மூர்க்கம் வந்து, மருத்துவராலும் தணிக்க முடியாமல் போனால், இரவுக்கு நம்பகமான ஆள் கிடைக்காமல் ஒரு மாதம் கடந்தால். மூன்றில் எது நேர்ந்தாலும் பெங்களூர் இல்லத்தில் இடம் கேட்பது தம்பியின் வேலை. அந்தச் செலவுக்காகக் குடியாத்தம் வீட்டின் பின்பகுதியையும் வாடகைக்கு விடுவது அண்ணனின் வேலை. முதல் மாதம் அங்கேயே பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, அம்மாவின் பழக்கவழக்கங்களை ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.